இரண்டு நகலும் ஒரே அலமாரியில்

2021 டிசம்பர் 18. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுக்குள் வெள்ளம் புகுந்தபோது என் மாமா குடும்பம் மேல்மாடிக்கு ஏறித் தப்பித்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே டிவி அலமாரியில் இருந்தவைதான் போயின.

மாமா அசட்டையான ஆள் இல்லை. "ஒன்னு கெட்டாலும் இன்னொன்னு இருக்கும்ல" என்று இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் இரண்டிலும் போட்டு வைத்தவர். ஆனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் சேற்றுத் தண்ணீரில் ஊறிவிட்டன. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தைத் தாத்தா தன் வாயாலேயே சொன்ன 40 நிமிட வீடியோ அதில் இருந்தது. தாத்தா இப்போது இல்லை.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். மாமா டிஸ்க்கை வெயிலில் காயவைத்து மடிக்கணினியில் சொருகிவிட்டார். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் தலைமுடியை விட மிகமிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கும். அந்த இடத்தில் காய்ந்த சேறு இருந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். நனைந்த டிஸ்க்கைக் காயவைக்கவும் கூடாது, மின்சாரம் கொடுக்கவும் கூடாது. ஈரத்தோடு பையில் போட்டு மூடி, தரவு மீட்கிறவர்களிடம் கொடுக்க வேண்டும். அதற்கும் பல ஆயிரம் வெள்ளி கேட்பார்கள்.

"கிளவுட்ல போட்டா முடிஞ்சது, இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். சரி, கணக்குப் போடுவோம். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிகாபைட். மின்னஞ்சல், படங்கள், டிரைவ் மூன்றும் சேர்ந்தே அவ்வளவுதான். என் வீட்டில் கல்யாண வீடியோ, பழைய கேசட்டிலிருந்து மாற்றியவை, நான்கு பேர் கைப்பேசிப் படங்கள் எல்லாம் சேர்த்தால் 1.5 டெராபைட். அதற்கு 2 டெராபைட் திட்டம் எடுத்தால் மாதம் 40 வெள்ளிக்கு மேல், வருடத்துக்கு ஏறக்குறைய 500. நிறுத்தினால் இடமும் போச்சு. அத்தனையையும் 50 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்றவே 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் எனக்கு இது கட்டுப்படியாகாது.

இன்னொரு விஷயம். கைப்பேசியில் இருப்பதும் கிளவுட்டில் இருப்பதும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் அது காப்பு நகலே இல்லை. கூகுள் போட்டோஸில் தம்பி விளையாட்டாக ஒரு ஆல்பத்தின் படங்களை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், பிறகு போயே போச்சு.

இந்தத் துறையில் 3-2-1 என்று ஒரு விதி உண்டு. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். மாமாவிடம் இரண்டே நகல், ஒரே வகைச் சாதனம், கடைசி எண்ணும் இல்லை. அந்தக் கடைசி ஒன்றுதான் இவ்வளவுக்கும் காரணம்.

வேறு ஊருக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை, நமக்குத்தான் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே! நான் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினேன், ஒன்று 300 வெள்ளிக்குள். ஒன்று கிள்ளானில் எங்கள் வீட்டில், மற்றது ஈப்போவில் பெரியம்மா வீட்டில். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கும் எப்படியும் ஈப்போ போவோம். போகும்போது புதிய நகலைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவேன். நடுவில் சேர்ந்தவை சில மாதம் ஒரே ஊரில் இருக்கும், உண்மைதான். அதற்குத்தான் அந்த இலவச 15 ஜிகாபைட். எதை இழந்தால் அழுவோமோ அதை மட்டும் அதில் போடுகிறேன்: சான்றிதழ்கள், பாட்டியின் குரல் பதிவு, ஒரு சில படங்கள்.

நகல் எடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் 'மிரர்' வேண்டாம், 'அப்டேட்' முறையைத் தேர்ந்தெடுங்கள். மிரர் என்றால் நீங்கள் தவறுதலாக அழித்தது நகலிலும் அழியும். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். சொருகியே வைத்திருந்தால் கணினியில் வைரஸ் புகுந்த நாளில் அதுவும் சேர்ந்து போகும். பென்டிரைவை நம்பி வருடக்கணக்கில் வைக்க வேண்டாம். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் உள்ளது மெல்ல மங்கக்கூடும். எஸ்எஸ்டிக்கும் அதே கதை, விலையும் கூட.

பெரியம்மாவை நம்பாமல் இல்லை, ஆனால் திருடனை நம்ப முடியாது. அடையாளக் கார்டு நகல் எல்லாம் அதில் இருக்கிறது. அதனால் வெராகிரிப்ட் கொண்டு பூட்டியிருக்கிறேன், அதுவும் இலவசம். கடவுச்சொல் மறந்தால் யாராலும் திறக்க முடியாது என்பதால் அம்மாவின் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நோட்டு கிள்ளானில், பூட்டிய டிஸ்க் ஈப்போவில். கிள்ளான் வீட்டுக்கு ஏதாவது ஆனால் நோட்டும் போய்விடுமே என்று தங்கச்சிதான் கேட்டாள். இப்போது பெரியம்மாவின் மகளுக்கும் அது தெரியும்.

நகல் எடுத்தவர்கள் பெரும்பாலும் செய்யாதது, அதைத் திறந்து பார்ப்பது. 1998-இல் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' எடுத்துக்கொண்டிருந்தபோது தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதிக் கோப்புகள் அழிந்தன. காப்பு நகலை எடுத்துப் பார்த்தால் அது சரியாகப் பதிவாகவே இல்லை! கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மனின் வீட்டுக் கணினியில் இருந்த நகல்தான் கைகொடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. டிஸ்க்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் நான் பத்துக் கோப்புகளைத் திறந்து பார்ப்பேன். வீடியோ என்றால் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்ப்பேன்.

தாத்தாவின் வீடியோவில் மூன்று நிமிடம் ஒரு சித்தியின் வாட்ஸ்அப்பில் கிடைத்தது. சுருங்கி, மங்கலாக, ஆனால் குரல் தெளிவாக இருக்கிறது. இப்போது அது மூன்று இடத்தில் இருக்கிறது. ஈப்போவில் இருப்பது பெரியம்மாவின் பட்டுப்புடவை அலமாரியில், மேல்தட்டில்.