மறுபடி முப்பது நாளா?

கேள்வி: மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள், பிரசவ நேரம். விசா இல்லாமல் 30 நாள்தான் என்கிறார்கள். இடையில் தாய்லாந்து போய் வந்தால் மறுபடி 30 நாள் கிடைக்குமாமே? சிங்கப்பூரையும் பார்த்துவிட ஆசை.
– வாசகி, பாலக்கோடு

பதில்: முதலில் தாய்க்கும் சேய்க்கும் வாழ்த்து. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தச் சலுகையைத் தருகிறது; 2026 முடியும்வரை நீட்டித்திருக்கிறது. ஆனால் 30 நாள் என்பது உரிமை அல்ல, அனுமதி.

மலேசியா–தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார் ரயில் நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவு மேசைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இங்கே ஒரு முத்திரை, நாலடி தள்ளி இன்னொன்று, தாய்லாந்துப் பக்கம் ஹாட்யாய் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். திரும்பும்போது மேசையில் இருப்பவர் கேட்பார்: "நேற்றுதானே போனீர்கள்?" புதிதாக 30 நாள் தருவதும் திருப்பி அனுப்புவதும் அவர் முடிவு. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி கர்நாடகக் கரையைத் தொட்டு வருவதுபோல் அல்ல இது. பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு எல்லையில் நிற்க வேண்டாம்.

மகளின் வேலை அனுமதி எந்த வகை என்று பாருங்கள். சில வகைகளில் பெற்றோருக்கு நீண்டகாலத் தங்கும் அனுமதி கேட்கலாம். அதுதான் நேர்வழி.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா கட்டாயம், இங்கிருந்தே வாங்கிவிடுங்கள். மலேசியாவுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும், முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.