எப்போதும் காலியாக இருக்கும் மோடம்

திருவண்ணாமலை

அன்புள்ள தம்பி,

மோடம் அடுக்கை நிர்வகிக்கும் மென்பொருள் என்றால் எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று திரையில் காட்டுவதுதானே என்று கேட்டிருந்தாய். இல்லவே இல்லை. காட்டுவது அதன் வேலையில் கால்வாசிகூட ஆகாது. பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு வரைந்துவிட்டு அதை நிர்வாகம் என்கிறார்களே, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சென்னைக்கு வந்தது, நம்மூருக்கு வரவில்லை. அப்போது இங்கிருந்து எஸ்.டி.டி. என்ற வெளியூர் அழைப்பு போட்டுத்தான் சென்னை மோடத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. மறுமுனை எடுத்துவிட்டால், இணைப்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மீட்டர் ஓடும். அந்தக் காசை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

அடுக்கு என்பது இதுதான்: டயல் செய்ய ஒரே எண். அதன் பின்னால் முப்பது லைன், முப்பது மோடம். முதல் லைன் பிஸி என்றால் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் அடுத்ததைப் பார்க்கும். ஹண்டிங் என்பார்கள். இப்போது மூன்றாவது மோடம் கெட்டுவிட்டது என்று வை. விளக்கு எரிகிறது, மணி அடித்தால் எடுப்பதில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு அது காலி லைன். முதல் இரண்டும் பிஸியானால் அடுத்து வருகிறவர் அதில்தான் விழுவார், சலித்து வைத்துவிடுவார். அவருக்குப் பின்னால் வருகிறவரும் அங்கேதான். தீபத் திருவிழாவில் ஆளில்லாத கவுன்ட்டருக்கே கூட்டத்தை அனுப்புவது போல. நல்ல மோடங்கள் பின்னால் சும்மா இருக்கும்.

இதைவிட மோசமானது, எடுத்துக் கத்திவிட்டு இணைப்பு கூடாமல் துண்டிக்கிற மோடம். நல்ல மோடத்தை ஒருவர் ஒரு மணி நேரம் பிடித்து வைத்திருப்பார். கெட்டதோ அரை நிமிடத்தில் விடுபட்டு அடுத்தவருக்குத் தயாராகிவிடும். அதனால் அடுக்கிலேயே அதிக அழைப்பு அதற்குத்தான். இங்கேதான் மீட்டரும் ஓடும்.

ஆகவே மென்பொருளின் முதல் கடமை, நோயுற்ற மோடத்தின் லைனை பிஸியாக்குவது. மோடத்துக்கான ஹேய்ஸ் கட்டளைகளில் ஏ.டி.ஹெச்.1 கொடுத்தால் போதும், ரிசீவரை எடுத்து வைத்த மாதிரி ஆகிவிடும். எக்ஸ்சேஞ்ச் தாண்டிப் போகும்.

நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? 1994 ஆகஸ்டில் வந்த ஆர்.எஃப்.சி. 1696-ஐத் தேடிப் படி. மோடத்திடம் நெட்வொர்க் வழியாக, எஸ்.என்.எம்.பி. என்ற நிர்வாக நெறிமுறை மூலம், எதையெல்லாம் கேட்கலாம் என்று வரையறுத்த ஆவணம். நாவல் படிப்பதுபோல் அதைப் படித்தவன் நான். மணி அடித்தும் எடுக்காதவை எத்தனை, உள்ளே வந்து தோற்றவை எத்தனை என்று தனித்தனிக் கணக்கு அதில் உண்டு. மணியே உணராத மோடத்தில் எந்தக் கணக்கும் ஏறாது. பக்கத்து மோடங்களோடு ஒப்பிட்டால்தான் அது பிடிபடும்.

நெட்வொர்க் இருக்கும்போது அடுக்குக்குத் தனியே சீரியல் கேபிள் எதற்கு என்றும் கேட்டாய். நெட்வொர்க்கே விழுந்த இரவில் அடுக்கோடு எதன் வழியாகப் பேசுவாய்? தவிர, எஸ்.என்.எம்.பி. முதல் பதிப்பில் கடவுச்சொல் மறைப்பில்லாமல் போகும். ஒட்டுக்கேட்டவன் முப்பது லைனையும் பிஸியாக்கிவிடலாம். அந்தப் பதிப்புதான் என்றால் மாற்றும் அதிகாரத்தை கேபிளுக்கு மட்டும் கொடு; நெட்வொர்க் வழியாகப் பார்த்தால் போதும்.

நீ செய்துகொண்டிருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பும் சிம் மோடம் அடுக்கிலும் இதே கதைதான். உடனே தோற்றுத் திரும்பும் மோடம்தான் எப்போதும் காலியாக இருக்கும். உன் நிரல் அதையே தேடிப்போய் வேலை கொடுக்கும். திரை வரைவதை நிறுத்திவிட்டு, மோடத்தை வரிசையிலிருந்து விலக்கும் பகுதியை முதலில் எழுதி எனக்கு அனுப்பு.