செதுக்கிய புல்லைத் தெருவில் கொட்டலாமா?

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஆனியில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஆடியில்தான் திரும்பக் கிடைத்தது. போனவர்களிற் பலருக்குத் தமது வளவின் எல்லையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. பற்றையை வெட்டினால் அடியில் அறுகும் கோரையும் பின்னிக் கிடக்கும். வாசலில் நாலு செவ்வந்தி வைக்க விரும்புகிறவரும், ஒரு பாத்தி கீரை போடுகிறவரும் முதலில் அந்தப் புல்லைச் செதுக்கியாக வேண்டும். செதுக்கியதை என்ன செய்வது? அனேகர் தெருவோரம் கொட்டுகிறார்கள், சிலர் கொளுத்துகிறார்கள்.

கொளுத்துவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதி செய்யப்படாத காணியில் மண்வெட்டி போடவும் வேண்டாம், நெருப்பு வைக்கவும் வேண்டாம். வெடிக்காத குண்டு ஒன்று மண்ணுக்குள் கிடந்தால் பற்றைத் தீயின் சூடே அதனை வெடிக்க வைக்கலாம். இனந்தெரியாத இரும்பு எதையாவது கண்டால் தொடாமல், பிள்ளைகளை விலக்கி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

இனி மண்ணின் கணக்கு. பத்தடி நீளம், நாலடி அகலமான பாத்திக்கு இரண்டு அங்குலத் தடிப்பில் புல்லைச் செதுக்கினால் ஏறத்தாழ 6½ கன அடி மண் அதனோடு போய்விடும். கால் தொன்னுக்குக் கிட்ட வரும். அதுவும் மேல்மண், வேரும் உக்கலும் சேர்ந்த நல்ல மண். எமது செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். சில வளவுகளில் ஒரு முழத்திலேயே அலவாங்கு கல்லில் தட்டும். அப்படிப்பட்ட இடத்தில் மேல்மண்ணைத் தெருவில் கொட்டிவிட்டு, பிறகு காசு கொடுத்து லோட் மண் பறிப்பது எந்த விதத்தில் நியாயம்?

செதுக்குமுன் புல்லை ஒட்ட அறுத்து ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடுங்கள். அறுகு நல்ல தீனி. பிறகு ஒரு அடிச் சதுரமாகக் கத்தியால் கீறி, மண்வெட்டியைச் சாய்த்துப் பிடித்துக் கட்டி கட்டியாகப் பெயர்க்கலாம். முதல் நாள் பின்னேரம் தண்ணீர் விட்டிருந்தால் வேலை இலகு.

பெயர்த்த கட்டிகளை வளவின் மேடான மூலையில் அடுக்குங்கள். முதல் வரிசை புல் கீழ்நோக்கி, அடுத்தது புல் மேல்நோக்கி என்று, புல்லும் புல்லும் ஒட்டியிருக்க மூன்றடி உயரம் வரை அடுக்கலாம். இடையிடையே சாணக் கரைசல் தெளித்தால் விரைவில் உக்கும். நன்றாக நனைத்துக் கறுப்புப் பொலித்தீனால் மூடி, விளிம்பில் கல் வையுங்கள். வெளிச்சம் புகுந்தால் அறுகு திரும்பவும் தளிர்க்கும். மாசியில் அடுக்கியது ஐப்பசி மழைக்கு முன் கரிய, உதிரும் மண்ணாகியிருக்கும். ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைத் தண்டு உயிரோடிருந்தால் இன்னும் மூடியே விடுங்கள்.

கோரை வேறு சாதி. அதன் கிழங்கு குவியலுக்குள்ளும் உயிர் தப்பும். ஆதலால் கோரை மண்டிய கட்டிகளை அடுக்கவே கூடாது. சித்திரை வெயிலில் வேர் மேலே பார்க்கக் கவிழ்த்துப் போட்டு, காய்ந்தபின் மண்வெட்டிப் பிடரியால் தட்டி மண்ணை உதிர்த்தெடுங்கள். பொறுக்கிய கிழங்கைச் சீமெந்துத் தரையில் சுக்காகக் காயவிடுங்கள். களைநாசினி அடித்தால் ஒரு நாளில் முடியுமே என்பார்கள். வளவுக்குள்ளேயே குடிதண்ணீர்க் கிணறு, அதற்குக் கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல். நாம் அதை விரும்புவதில்லை.

குவியல் உக்கும்வரை பாத்தியைச் சும்மா விட வேண்டியதில்லை. கிடங்கு வெட்டிப் பூவரசங்குழையும் பனையோலையும் தாட்பது எம்மவருக்குப் பழகிய வேலைதான். அதன்மேல் எருவும் மண்ணும் போட்டு வெண்டியோ கத்தரியோ நடலாம். தப்பிய கோரை முளை காட்டும். இலை நாலு விடுமுன் கிழங்கோடு கெல்லி எடுக்க வேண்டும். முதல் ஆறு மாதமும் கிழமைக்கு ஒருதரம் இந்த வேலை இருக்கும்.