தொங்கும் தொட்டியில் ஒரு நாற்றங்கால்

மாடித்தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். மொட்டை மாடியில் செடி வைக்க அனுமதி இல்லை. கிழக்குப் பார்த்த பால்கனி மட்டும்தான் எங்களுக்கு. தரையில் தட்டு வைத்து விதை போட்டால் அணில் கிளறிவிடுகிறது. அதனால் தேங்காய் நார் விரித்த தொங்கும் தொட்டிகள் நான்கு வாங்கி மாட்டினேன். ஒன்றில் தக்காளி விதைத்தேன். பாதிதான் முளைத்தது. முளைத்ததும் நான்கே நாளில் காய்ந்து சுருண்டுவிட்டது. தொங்கும் தொட்டியில் நாற்று விடுவதே தவறா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: தவறே இல்லை. பாலும் வெண்ணெயும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் இருக்க நம் வீடுகளில் உறி கட்டினார்கள். அதே பாதுகாப்பை விதைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எலியும் நத்தையும் அவ்வளவு சுலபமாக வந்து சேராது. அணில் மட்டும் கம்பி வழியாகத் தாவும். ஆகவே கிரில்லை விட்டுத் தள்ளி மாட்டி, முளைக்கும் வரை மேலே வலைத்துணி கட்டுங்கள்.

உங்கள் நாற்றைக் கொன்றது பெரும்பாலும் காற்றுதான். தரையில் உள்ள தொட்டியில் ஈரம் மேலாகத்தான் காயும். தொங்கும் தொட்டியை நாலாபுறமும் காற்று தொடுகிறது. நார் விரித்த தொட்டியானால் பக்கவாட்டிலும் அடியிலும் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். தக்காளி விதை கிடப்பதோ மேலே உள்ள அரை சென்டிமீட்டருக்குள். ஒரே ஒரு மதியம் அந்த மேல்மண் காய்ந்தால் போதும், விதையிலிருந்து அப்போதுதான் எட்டிப் பார்த்த வேர் செத்துவிடும். முளைக்காத பாதியும் இப்படித்தான் போயிருக்க வேண்டும். விதையைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். 10 அங்குலத் தொட்டியே நாற்றுக்குப் போதும். நார் விரிப்பின் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் அடியில் மட்டும் ஏழெட்டுத் துளை போடுங்கள். பக்கவாட்டில் ஈரம் போவது நின்றுவிடும்.

வெறும் தோட்ட மண் வேண்டாம். கனம் கூடும், இறுகிவிடும். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்தால் போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்குங்கள். இந்தக் கலவையும் நனைந்தால் ஐந்தாறு கிலோ எடை வரும். கொக்கி அதைத் தாங்குமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

விதையை இரண்டு விரல் இடைவெளியில், அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு, மெல்லிய தூவலாகக் கலவையால் மூடுங்கள். ஒரு தொட்டிக்கு 20 விதைக்கு மேல் வேண்டாம். தேநீர் குடிக்கும் காகிதக் கோப்பைகளின் அடியில் துளையிட்டு, கலவை நிரப்பித் தொட்டிக்குள் நெருக்கி அடுக்கி, கோப்பைக்கு ஒரு விதை போடுவது இன்னும் நல்லது. பிடுங்கும்போது வேர் அறுபடாது.

தண்ணீரை மேலிருந்து ஊற்றாதீர்கள், விதை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அகலமான டப்பில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வைத்து, தொட்டியை அதில் 10 நிமிடம் இறக்கி வையுங்கள். ஈரம் அடியிலிருந்து ஏறி மேல்மண் நிறம் மாறியதும் எடுத்து, வடியவிட்டு மாட்டுங்கள். முளைக்கும் வரை மேலே ஈரச் சணல் சாக்கைப் போட்டு வைக்கலாம். தினமும் தூக்கிப் பாருங்கள், முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். தக்காளி ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும். மிளகாய்க்கு 8 முதல் 12 நாள் வரை பொறுமை வேண்டும்.

முளைத்த பிறகு, தொட்டியைக் கையில் ஏந்தி எடை பாருங்கள். இலேசாக இருந்தால் தண்ணீர் காட்டுங்கள், கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நாலு நாளில் உங்கள் கை பழகிவிடும்.

கேள்வி: மிளகாய் நாற்று நன்றாகத்தான் வந்தது. திடீரென்று ஒரு காலையில் ஐந்தாறு நாற்று சாய்ந்து கிடந்தன. மறுநாள் பக்கத்தில் இருந்தவையும் சாய்ந்தன. பூச்சி எதுவும் தெரியவில்லை.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: சாய்ந்த நாற்றின் அடித்தண்டைப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடம் கறுத்து, நூல்போல இளைத்திருந்தால் அது நாற்றழுகல். பித்தியம் போன்ற பூஞ்சாணங்களின் வேலை. நெருக்கமாக விதைப்பது, நீர் வடியாமல் நிற்பது, பழைய கலவையையே மறுபடி பயன்படுத்துவது, இந்த மூன்றும் அதற்கு வாசல் திறந்துவிடும்.

விழுந்தவை பிழைக்காது. சுற்றியுள்ள கலவையோடு சேர்த்து எடுத்து எறியுங்கள். ஓரிரு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு சூடோமோனஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். அடுத்த முறை விதைக்கும் முன்பே நேர்த்தி செய்துவிடுங்கள். ஒரு கிலோ விதைக்கு சூடோமோனஸ் 10 கிராம் என்பது கணக்கு. வீட்டுக்கு வாங்கும் சிறு பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை போதும்.

கேள்வி: என் நாற்றுகள் நூல்போல நீண்டு, வெளுத்து, ஒரே பக்கமாகச் சாய்கின்றன. உரம் போதவில்லையா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: உரம் கொடுத்தால் இன்னும் நீளும். அவை கேட்பது வெளிச்சம். மேல்தளத்தை ஒட்டி மாட்டிய தொட்டிக்கு வெயில் எட்டுவதில்லை. சங்கிலியை நீட்டி, காலை வெயில் விழும் உயரத்துக்கு இறக்குங்கள். தினமும் கால் சுற்று திருப்பிவிடுங்கள், சாய்வு நேராகும். காற்றில் தொட்டி ஊஞ்சலாடினால் இளம் வேர் பிடிப்பை இழக்கும். அடியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துக் கிரில்லில் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தொட்டியைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். தரைப் பாத்திக்கு இல்லாத வசதி இது.

வெளிச்சத்துக்கு இறக்கிய நாற்றுக்கு இன்னொரு காவலும் வேண்டும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் இலைச்சுருட்டு நோயைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. கொசுவலையின் கண் வழியாக அது நுழைந்துவிடும். அதைவிட நெருக்கமான மெல்லிய வெள்ளைத் துணியைக் குடைபோலச் சுற்றிக் கட்டுங்கள். நாற்றுப் பருவத்தில் நோய் வராமல் காத்துவிட்டால் பாதி வெற்றி.

கேள்வி: பாகல், புடலை, முள்ளங்கி எல்லாவற்றையும் இப்படி நாற்று விடலாமா? கீரை?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முள்ளங்கி, கேரட் இரண்டையும் இடம் மாற்றினால் கிழங்கு கோணும். அவற்றை வளரும் இடத்திலேயே விதையுங்கள். பாகல், புடலை, அவரைக்கும் வேர் அசைந்தால் பிடிக்காது. நேரடியாகப் பெரிய பையில் ஊன்றுவதே நல்லது. வெந்தயக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி, புதினா ஆகியவற்றுக்குத் தொங்கும் தொட்டியே வீடு. விதைத்து, புதினாவானால் தண்டை ஊன்றி, அங்கேயே அறுவடை செய்யலாம்.

கேள்வி: தொட்டியில் தக்காளி நாற்று செழிப்பாக இருக்கிறது. பறித்து நடவே மனம் வரவில்லை. எத்தனை நாள் விட்டுவைக்கலாம்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் மனம் புரிகிறது. ஆனால் செழிப்பு உங்களை ஏமாற்றிவிடக் கூடாது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது என்று நெல் விவசாயி நாள் எண்ணுவார். காய்கறி நாற்றுக்கும் அந்தக் கணக்கு உண்டு. தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 முதல் 45. அதனால்தான் மூன்றையும் ஒரே தொட்டியில் விதைக்க வேண்டாம் என்கிறேன். ஒன்றைப் பிடுங்கும்போது இன்னொன்றின் வேர் அறுபடும்.

நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைச் சற்றுக் குறைத்து, வெயிலைக் கூட்டுங்கள். நாற்று இறுகும். நடும் அன்று மாலை, தொட்டியை நனைத்து ஒரு மணி நேரம் கழித்து, கரண்டியால் வேர்மண்ணோடு தூக்குங்கள். இலையைப் பிடியுங்கள், தண்டை அழுத்தாதீர்கள். இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் நாற்றே போய்விடும். 12 அங்குல அகலமும் அதே உயரமும் உள்ள பையில் நடுங்கள். தக்காளியை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலும் வேர் விடும்.

விதைத்த அன்றே தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கொக்கியில் கட்டிவிடுங்கள். நாள் வந்ததும் இறக்கி நட்டுவிட்டு, அதே கொக்கியில் அடுத்த விதைக்குப் புதுக் கலவை நிரப்பிய தொட்டியை மாட்டுங்கள்.