செக்கிங் மேசையும் வெள்ளணுக்களும்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றுக்குள் நீங்கள் போனதுண்டா? வட்டமான நிட்டிங் எந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்கித் துணியைப் பின்னிக்கொண்டிருக்கும். அவற்றுள் ஓர் ஊசி உடைந்துவிட்டால் துணியில் நீளவாக்கில் ஒரு கோடு விழும். எந்திரத்தை நிறுத்தி ஊசியை மாற்றும் வரை அந்தக் கோடு நீண்டுகொண்டே போகும்.

நம் தோலிலும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. தோலின் மேலடுக்கு சுமார் ஒரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதற்காக அதன் அடிப்பகுதியிலுள்ள செல்கள் ஓயாமல் பிரிகின்றன. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் செல்லின் டி.என்.ஏ. மீது படும்போது, அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதை வெட்டியெடுத்துச் சரிசெய்ய நொதிகள் இருக்கின்றன. அவை தவறவிட்ட பிழையோ, செல் பிரியும்போதெல்லாம் புதிய செல்களுக்கும் போய்ச் சேர்கிறது. இப்படிப் பல பிழைகள் சேர்ந்த செல் புற்றுநோய்ச் செல்லாக மாறலாம்.

அப்படியானால் வெயிலில் நடக்கும் எல்லாருக்கும் தோல் புற்றுநோய் வரவேண்டுமே! ஏன் வருவதில்லை? நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் மெலனின் என்ற நிறமி குடை பிடிக்கிறது. அதையும் மீறிப் பழுதான செல்லைப் பிடிப்பதற்கு ஒரு செக்கிங் பிரிவும் உடலில் உண்டு. பனியன் கம்பெனியில் பெண்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொரு பீஸாகப் புரட்டிப் பார்த்துப் பழுதை ஒதுக்குகிறார்களே, அந்த வேலையை உடலில் செய்பவை லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள்.

இப்போது இரத்தப் புற்றுநோய்க்கு வருவோம். நாட்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோய் என்று ஒரு வகை உண்டு. மேல்நாடுகளில் முதியவர்களிடம் அதிகம். நம் நாட்டில் குறைவு. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டிய வெள்ளணுக்கள், இந்நோயில் சிலருக்கு ஒரு லட்சத்தையும் தாண்டிவிடும். காவலர் பெருகினால் காவல் பலப்படும் என்றுதானே நினைப்பீர்கள்? நடப்பது நேர்மாறு. பெருகியவை யாவும் வேலை தெரியாத 'பி' வகை அணுக்கள். மேசையைச் சுற்றி நூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் ஒருவர்கூடப் பீஸைக் கையில் எடுப்பதில்லை! பழுதான செல்லைக் கொல்லவேண்டிய 'டி' வகை அணுக்களும் நாளடைவில் சோர்ந்துபோகின்றன. அதனால் இந்நோயாளிகளுக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அது வந்தால் பரவும் வேகமும் அதிகம்.

இரத்தப் புற்று தோலுக்குப் போய்த் தோல் புற்றாக மாறிவிடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஒன்று காவலைக் கெடுக்கிறது. அந்தச் சமயத்தில் மற்றொன்று தலைதூக்குகிறது.

சிகிச்சைக்கும் இதில் பங்கு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டிலேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டது. மாற்றிய மஜ்ஜை உடலோடு பகை கொள்ளாதிருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிவைக்க வேண்டும். அதாவது, செக்கிங் பிரிவுக்கு நாமே விடுமுறை கொடுக்கிறோம்! முன்பு கொடுத்த கதிர்வீச்சும் தோலில் தழும்பாக நிற்கும். உயிரைக் காக்கும் சிகிச்சைக்கு அஞ்சி ஒதுங்கவேண்டியதில்லை. குணமான பிறகும் ஆண்டுதோறும் தோலைக் காட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வெயில் ஒன்றே குற்றவாளியும் அல்ல. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பு எந்திரத்தின் மீது சாய்ந்து வேலை செய்த ஆண்களின் உடுப்பில் கதிர் எண்ணெய் ஊறி, விதைப்பைத் தோலில் புற்றுநோயை உண்டாக்கியது. சவுத்தம், வில்சன் என்ற இரு மருத்துவர்கள் 1922-இல் இதை எடுத்துக்காட்டினார்கள். எண்ணெய் ஊறிய உடுப்போடு வீட்டுக்கு வரும் தந்தையோ அண்ணனோ உங்களுக்கு இருந்தால், உடனே குளித்து உடை மாற்றச் சொல்லுங்கள்.

நம் தோலில் இந்நோய் அரிதுதான். ஆனால் வரும்போது வெயில் படாத இடங்களிலும் வருகிறது: உள்ளங்கால், நகத்தின் அடிப்பகுதி, பழைய தீக்காயத் தழும்பு. ஜமைக்காவின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லி 1981-இல் 36 வயதில் இறந்தார். அவருடைய நோய் கால் விரல் நகத்தின் அடியில் தொடங்கியது. இரத்தப் புற்றுநோயிலிருந்து குணமான உறவினர் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணோ நிறம் மாறும் மச்சமோ இருக்கிறதா என்று பாருங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் பாருங்கள்.