வைன்: வேற்றுத் தளத்தில் ஓடும் நிரல்கள்

சென்ற விடுமுறையில் நம் பேரவை அறையின் இரும்பு அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது ஒரு சப்பாத்துப் பெட்டி அகப்பட்டது. உள்ளே ஐந்து குறுவட்டுகள். மை மங்கிய கையெழுத்தில் ‘மலர் 96-99’ என்று எழுதியிருந்தது. நான்கு ஆண்டு மலர்களின் பக்கக் கோப்புகள் அவை. அவற்றை உருவாக்கிய பக்க வடிவமைப்பு மென்பொருளின் மூல வட்டும் உடன் இருந்தது. நான்கில் மூன்று மலர்களுக்கு நம்மிடம் அச்சுப்படி உண்டு. 1997-ஆம் ஆண்டு மலருக்கு மட்டும் ஒரு படிகூட இல்லை. அந்த ஆண்டு நம் மாணவர்கள் என்ன எழுதினார்கள் என்பதற்கு இந்த வட்டு ஒன்றே சான்று.

வட்டை என் மடிக்கணினியில் இட்டேன். கோப்புகள் தெரிந்தன; திறக்க முடியவில்லை. மென்பொருளை நிறுவ முயன்றால், ‘இந்த நிரல் இக்கணினியில் இயங்காது’ என்ற பொருளில் ஓர் அறிவிப்புதான் வந்தது. காரணம் எளிது. அது விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் அத்தகைய நிரல்களை ஏற்பதில்லை. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆக, விண்டோஸுக்காகவே எழுதப்பட்ட ஒரு நிரலுக்கு இன்றைய விண்டோஸில் இடமில்லை.

“லினக்ஸில் வைன் போட்டுப் பார்க்கிறேன்,” என்றேன். மலர்க்குழுவில் இருந்த அக்கா ஒருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இக்கட்டுரையை எழுதுவதற்கு அந்தப் பார்வையும் ஒரு காரணம்.

வைன் என்பது எது?

வைன் ஒரு திறமூல மென்பொருள். விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரல்களை லினக்ஸ், மேக் போன்ற பிற இயங்குதளங்களில் ஓடச் செய்வது அதன் வேலை. ‘வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்’ என்பதன் சுருக்கமே அதன் பெயர் என்பார்கள். தான் எது அல்ல என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. எமுலேட்டர் என்பது ஒரு கணினியின் செயலியையே மற்றொரு கணினியில் நடித்துக் காட்டுவது. வைன் அதைச் செய்வதில்லை. நிரலின் கட்டளைகள் உங்கள் செயலியில் நேரடியாகவே ஓடுகின்றன. மெய்நிகர்க் கணினியைப் போல முழு விண்டோஸையும் உள்ளே நிறுவிக்கொள்வதும் இல்லை; விண்டோஸ் உரிமமும் தேவையில்லை.

அப்படியானால் என்னதான் செய்கிறது? ஒரு நிரல் தனியாக எதையும் சாதிப்பதில்லை. கோப்பைத் திறக்க, சாளரம் வரைய, எழுத்தைத் திரையில் இட, ஒவ்வொன்றுக்கும் அது இயங்குதளத்திடம் விண்ணப்பிக்கிறது. அரசாங்க அலுவலக முகப்பில் நாம் பாரம் நீட்டுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பால் அமர்ந்திருப்பவர் யார் என்பது நமக்கு முக்கியமில்லை. கொடுத்த பாரத்துக்கு உரிய மறுமொழி வந்தால் போதும். வைன் அந்த நாற்காலியில் அமர்ந்துகொள்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு விண்டோஸ் நிரல் கோப்பைத் திறக்க ‘கிரியேட்ஃபைல்’ என்ற செயற்கூற்றை அழைக்கும். விண்டோஸில் அது ‘கெர்னல்32’ என்னும் டி.எல்.எல். நூலகத்தில் உள்ளது. வைன் அதே பெயரில், அதே செயற்கூறுகளுடன் தன் சொந்த நூலகத்தை வைத்திருக்கிறது. நிரல் கேட்பது ‘சி’ டிரைவில் உள்ள கோப்பு. லினக்ஸிலோ ‘சி’ டிரைவ் என்று ஒன்று இல்லை. உங்கள் கோப்புறைக்குள் மறைவாக இருக்கும் ஒரு கோப்புறையை வைன் ‘சி’ டிரைவாகக் காட்டி, விண்ணப்பத்தை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றி அனுப்புகிறது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. லினக்ஸில் அவை வெவ்வேறு. எனவே கேட்ட பெயர் அப்படியே கிடைக்காவிட்டால், வைன் கோப்புறை முழுவதையும் துழாவி ஒத்த பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. இவை எவையும் நிரலுக்குத் தெரியாது.

பதினைந்து ஆண்டுப் பொறுமை

1993-இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர் இப்பணியைத் தொடங்கினர். சன் நிறுவனம் தன் கணினிகளில் விண்டோஸ் நிரல்களை ஓட்ட ‘வாபி’ என்ற மென்பொருளை உருவாக்கியது. லினக்ஸுக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1994-இல் அலெக்சாந்திர் ஜூலியார் பொறுப்பேற்றார். 1.0 என்ற எண்ணைத் தாங்கிய பதிப்பு வெளிவந்தது 2008 ஜூன் 17-ஆம் நாள். இடையில் 15 ஆண்டுகள்!

ஏன் இத்தனை தாமதம்? விண்டோஸின் செயற்கூறுகளுக்குக் கையேடு உண்டு. ஆனால் நிரல்கள் கையேட்டை மட்டும் நம்பி எழுதப்படுவதில்லை. ஒரு சாளரம் திறக்கும்போது எந்தச் செய்தி முதலில் வரும், எது பின்னால் வரும் என்ற வரிசையைக்கூட நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உள்ளன. விண்டோஸில் ஒரு பிழை இருந்தால், அந்தப் பிழையை நம்பியும் நிரல்கள் இருக்கும். அப்போது வைனும் அதே பிழையைச் செய்தாக வேண்டும்!

சரி, விண்டோஸின் மூலநிரலைப் பார்த்து எழுதலாமே என்றால், அது கூடவே கூடாது. அந்த மூலநிரலைக் கண்ணால் பார்த்தவரின் பங்களிப்பைக்கூட வைன் குழு அப்பகுதிகளில் ஏற்பதில்லை. 2004-இல் விண்டோஸ் 2000-இன் மூலநிரலில் ஒரு பகுதி இணையத்தில் கசிந்தபோதும் அதைத் தொடாமல் விலகி நிற்பதே அவர்கள் நெறி. அவர்கள் கைக்கொள்ளும் வழி சோதனை. ‘இப்படிக் கேட்டால் இந்த மறுமொழி வர வேண்டும்’ என்று ஒரு சிறு சோதனை நிரலை எழுதுவார்கள். அதை உண்மையான விண்டோஸில் ஓட்டி விடையை உறுதி செய்துகொள்வார்கள். பிறகு அதே விடை வரும்வரை வைனைத் திருத்துவார்கள். நம் அறிவியல் மாணவர்கள் இந்த முறையைக் கவனிக்க வேண்டும். பெட்டியைத் திறக்காமலேயே உள்ளே நடப்பதை அறியும் ஆய்வுமுறை இது.

உரிமத்தைப் பற்றியும் ஒரு சொல். தொடக்கத்தில் வைனை யாரும் எடுத்து, மாற்றி, மாற்றத்தை வெளியிடாமல் விற்கலாம் என்றிருந்தது. 2002-இல் எல்.ஜி.பி.எல். உரிமத்துக்கு மாறினார்கள். அதன்படி, மாற்றியமைத்த வைனைப் பிறருக்கு வழங்குபவர் அந்த மாற்றங்களின் மூலநிரலையும் வழங்க வேண்டும். அது வணிகத்தைக் கெடுத்துவிடவில்லை. கோட்வீவர்ஸ் நிறுவனம் வைனை அடிப்படையாகக் கொண்டு ‘கிராஸ்ஓவர்’ என்ற மென்பொருளை விற்கிறது. தன் திருத்தங்களை வைனுக்கே திருப்பித் தருகிறது. 2018-இல் வால்வ் நிறுவனம் வைனைக் கொண்டு ‘புரோட்டான்’ என்பதை வெளியிட்டது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி லினக்ஸில் இயங்குவது. அதில் விண்டோஸ் விளையாட்டுகள் ஓடுவது புரோட்டானால்தான். விடுதி அறைகளில் விடிய விடிய விளையாடும் தம்பிமார் பலருக்கு இது தெரியாது.

மலர் திறந்த கதை

இனி சப்பாத்துப் பெட்டிக்கு வருவோம். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் இட்டு, வைனை அதன் 32 பிட் பகுதிகளோடு நிறுவினேன். 16 பிட் மென்பொருள் தடையின்றி நிறுவப்பட்டது. 1998-ஆம் ஆண்டு மலரின் கோப்பும் திறந்தது. ஆனால் பக்கம் முழுவதும் கொம்பும் கோடும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்!

இது வைனின் குறை அன்று. அக்காலத்தில் தமிழுக்கு ஒருங்குறிப் பயன்பாடு பரவவில்லை. 8 பிட் எழுத்துருக்களில் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருந்தார்கள். ஆளுக்கொரு வரிசை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு ‘டாம்’, ‘டாப்’ என்று தரம் வகுத்ததே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். எழுத்துரு இல்லையேல் எழுத்து இல்லை. நல்வேளையாக, இரண்டாம் வட்டில் எழுத்துருக் கோப்பு இருந்தது. வைனின் ‘சி’ டிரைவில் எழுத்துருக் கோப்புறைக்குள் அதை நகலெடுத்தவுடன் பக்கம் தமிழில் வந்து நின்றது. ஆசிரியர் உரையை முதலில் படித்தேன். அச்சுக்கூலி உயர்ந்துவிட்டது என்ற வருத்தம் அன்றும் இருந்திருக்கிறது.

அடுத்து, உரையை வெளியே நகலெடுத்து ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகள். அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகே காரணம் விளங்கியது. என் லினக்ஸின் மொழி அமைப்பைத் தமிழில் வைத்திருந்தேன். வைன் அந்த அமைப்பைப் பார்த்தே பழைய நிரலின் 8 பிட் குறிகளை எப்படிப் படிப்பது என்று முடிவு செய்கிறது. தமிழ் மொழி அமைப்புக்கென்று விண்டோஸில் இயல்பான 8 பிட் குறியீட்டுப் பக்கம் வகுக்கப்படவில்லை. மொழியை ஆங்கிலமாக்கி வைனைத் தொடங்கியதும் குறிகள் முழுமையாக வந்தன.

மாற்றும்போது இன்னொரு பாடம். பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகக் கிடக்கும். ஒருங்குறியிலோ ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். என் முதல் மாற்று நிரல் இதை மறந்துவிட்டது. கொம்புகள் எல்லாம் முந்திய எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டன.

செய்து பார்க்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. வைன் பாதுகாப்புக் கூண்டு அன்று. வழக்கமான அமைப்பில் உங்கள் லினக்ஸ் கோப்புகள் முழுவதும் ‘இசட்’ டிரைவாக நிரலின் கண்ணில் படும். நச்சுநிரல் ஒன்றை வைனில் ஓட்டினால், உங்களுக்கு அனுமதி உள்ள கோப்புகளை அதுவும் தொடலாம். மேலும், வைன் இலவசம் என்பதால் அதில் ஓடும் மென்பொருளும் இலவசம் ஆகிவிடாது. அதற்குரிய உரிமம் தனி.

மூன்று மலர்கள் இப்போது ஒருங்குறியில் உள்ளன. அச்சுப்படியோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தி வருகிறோம். 1997-ஆம் ஆண்டு மலரும் திறந்துவிட்டது. கட்டுரைகளும் சிறுகதைகளும் தமிழில் தெரிகின்றன. கவிதைப் பகுதியின் பதினொரு பக்கங்கள் மட்டும் வேறோர் எழுத்துருவில் உள்ளன. அது எந்த வட்டிலும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் குறிகளை வைத்து ஊகித்து, பெரும்பாலான எழுத்துகளைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் கவிதையில் ஊகம் ஆபத்தானது; ‘மணம்’ எழுதியவருக்கு நான் ‘மனம்’ தந்துவிடக்கூடும். அந்த ஆண்டு மலர்க்குழுவில் இருந்த அண்ணன்மார், அக்காமார் எவரிடமேனும் அந்த எழுத்துருக் கோப்போ, அச்சிட்ட மலரின் ஒரு படியோ இருந்தால் பேரவை அறையில் சேர்ப்பியுங்கள். படியை ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிடுவோம்.