ஒலிக்கருவி பேச மறுக்கும்போது

எமது கிராமங்களுக்கு ஒலிபெருக்கி புதிய பொருளன்று. திருவிழாக் கொடியேற்றம் முதல் மரண அறிவித்தல் வரை அதன் குரலைக் கேட்டே ஊர் கூடுகின்றது. ஆனால் அண்மைய ஆண்டுகளில் அக்கருவியின் தன்மை மாறிவிட்டது. முன்னர் ஒலிவாங்கி, அம்பிளிபயர், ஹோர்ன் என்ற மூன்றும் இருந்தால் போதும். பழுது வந்தால் ஈயம் உருக்கி ஒட்டத் தெரிந்த ஒருவர் ஊரிலேயே இருந்தார். இன்று ஆலயங்களிலும் சனசமூக நிலையங்களிலும் யூ.எஸ்.பி. இணைப்புள்ள மிக்சரும், மடிக்கணினியும், ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் 'இன்ரபேஸ்' எனப்படும் சிறு பெட்டியும் வந்துவிட்டன. இவற்றின் கோளாறு பெரும்பாலும் புகையாகவோ கருகிய மணமாகவோ வெளிப்படுவதில்லை. கணினித் திரையில் கருவியின் பெயர் தோன்றாது, அவ்வளவுதான்.

அதன்பின் நடப்பது எமக்குத் தெரிந்ததே. பெட்டி அலுமாரிக்குள் போகின்றது. அல்லது ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணம் செய்து கொழும்புக்குப் போகின்றது. பல வேளைகளில் அப்பெட்டியில் பழுது எதுவும் இருப்பதில்லை. ஒரு வயர், ஒரு மென்பொருள், ஓர் அமைப்பு, இவற்றுள் ஏதோ ஒன்றே மாறியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் முறையை எமது இளைஞர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ஏன் இது முக்கியம்?

தவக்காலத்தில் எமது பங்குகளில் வியாகுலப் பிரசங்கம் இராகத்தோடு வாசிக்கப்படுவதை அறிவோம். 18 ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய அந்நூல் அச்சில் இருக்கின்றது. ஆனால் அதனை வாசிக்கும் இராகம் அச்சில் இல்லை; முதியோரின் தொண்டையில் இருக்கின்றது. கூத்துப் பாடல்களின் நிலையும் அதுவே. 1965 இல் நீ. மரியசேவியர் அடிகளார் ஆரம்பித்த திருமறைக் கலாமன்றம் கூத்து மரபைப் பேணப் பெரும்பணி ஆற்றியிருக்கின்றது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் எமது எழுத்துக்களைக் காத்து வருகின்றது. ஆயினும் ஒவ்வொரு கிராமத்தின் குரலையும் பதிவு செய்ய அந்தந்தக் கிராமத்தவரே முன்வர வேண்டும். எண்பது வயது அண்ணாவியார் பாட இசைந்து வந்திருக்கும் மாலைவேளையில் கருவி இயங்காவிட்டால், அத்தகைய இன்னொரு மாலை கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மூன்று சொற்களின் பொருள்

முதலாவது, கருவி. கையால் தொடக்கூடிய பெட்டி, வயர், துவாரம் எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது, ஃபேர்ம்வேர். கருவியின் உள்ளே, அதன் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும் நிரல் இது. பொத்தானை அழுத்தினால் என்ன செய்வது, கணினி கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதையெல்லாம் கருவிக்குக் கற்பித்திருப்பது இதுவே.

மூன்றாவது, டிரைவர். இங்கே பஸ் சாரதியை நினைக்க வேண்டாம். இவர் மொழிபெயர்ப்பாளர். கச்சேரியிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால், இரு மொழியும் அறிந்த ஒருவரைத் தேடிப் போகின்றோம் அல்லவா? கடிதத்தில் பிழையில்லை, வாசிப்பவரிலும் பிழையில்லை. இடையில் ஒருவர் இல்லை. கருவிக்கும் கணினிக்கும் இடையிலே அந்த வேலையைச் செய்யும் மென்பொருளே டிரைவர். அது கணினியில் இருக்கும். ஃபேர்ம்வேர் கருவியில் இருக்கும். இந்த வேறுபாட்டை மனதிற் கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சில கருவிகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. யூ.எஸ்.பி. ஓடியோ என்ற பொது விதிப்படி அவை செய்யப்பட்டிருப்பதால், கணினியில் ஏற்கெனவே உள்ள பொது டிரைவரே போதும். இவ்விதியின் இரண்டாம் பதிப்பைப் புரிந்துகொள்ளும் டிரைவர் விண்டோஸ் 10 இல் 2017 ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய விண்டோஸ் உள்ள பழைய கணினியில் அத்தகைய கருவிக்குத் தயாரிப்பாளரின் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும்.

தேடும் ஒழுங்கு: வெளியிலிருந்து உள்ளே

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியதைக் கொப்பியில் எழுதுக. இதுவே முதல் விதி. மூன்றை ஒன்றாக மாற்றினால் கருவி இயங்கினாலும் காரணம் தெரியாது. அடுத்த முறை மீண்டும் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

1. மின்சாரம்: கருவியின் விளக்கு எரிகின்றதா? சாதாரண யூ.எஸ்.பி. 2.0 துவாரம் 500 மில்லி அம்பியர் வரையே தரும். நான்கு பொருட்களை ஒரே 'ஹப்'பில் செருகினால் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தளவு மின்சாரமே கிடைக்கும். ஆகவே ஹப்பை அகற்றி நேரடியாகக் கணினியில் செருகிப் பார்க்கவும்.

2. வயர்: கைத்தொலைபேசியோடு வரும் சில வயர்கள் மின்னேற்றம் மட்டுமே செய்யும், தரவைக் கடத்தும் கம்பிகள் அவற்றில் இல்லை. விளக்கு எரியும், கணினியோ கருவியைக் காணாது. நன்கு இயங்குவதாக அறிந்த வேறொரு வயரை மாற்றிப் பார்க்கவும். 5 மீற்றருக்கு மேற்பட்ட சாதாரண யூ.எஸ்.பி. வயரைப் பயன்படுத்த வேண்டாம். பீடத்திலிருந்து பாடகர் குழு வரை நீட்ட வேண்டுமாயின் ஒலிவாங்கி வயரையே நீட்டுக.

3. துவாரம்: குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கின்றது. கருவியை அணைத்த பின்னர் முனைகளைத் துப்புரவாக்கவும். பின்பு கணினியின் வேறொரு துவாரத்தில் செருகவும்.

4. வேறு கணினி: இது மிகப் பயனுள்ள சோதனை. வேறு கணினியில் இயங்கினால் கருவி நல்லது. குறை முதற் கணினியில் உள்ளது. ஒழுங்காக டிரைவர் நிறுவப்பட்ட எந்தக் கணினியிலும் இயங்காவிட்டால் மட்டுமே கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

5. அமைப்புகள்: கருவி இணைந்திருந்தும் ஒலி வராவிட்டால், கணினியின் ஒலி அமைப்பில் எந்தக் கருவி தெரிவு செய்யப்பட்டுள்ளது என்று பார்க்கவும். மடிக்கணினியின் சொந்த ஒலிவாங்கியே தெரிவாகியிருக்கலாம். ஒலிவாங்கியைப் பயன்படுத்த மென்பொருட்களுக்கு அனுமதி கொடுக்கப்பட்டுள்ளதா என்பதையும் தனியுரிமை அமைப்பில் பார்க்க வேண்டும்.

டிரைவர் குறைபாடு

மேற்சொன்ன ஐந்தையும் கடந்த பின்னரே டிரைவரிடம் போக வேண்டும். விண்டோஸ் கணினியில் 'டிவைஸ் மனேஜர்' என்ற பக்கத்தைத் திறந்தால் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் தோன்றும். மஞ்சள் முக்கோணம் உள்ள வரியை அழுத்தினால் ஓர் எண் தெரியும். எண் 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. எண் 10 என்றால் கருவியைத் தொடக்க முடியவில்லை. எண் 43 என்றால் கருவி தன்னிடம் குறை இருப்பதாக அறிவித்திருக்கின்றது. வயரையும் துவாரத்தையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

டிரைவரை மீள நிறுவும் முறை இது: கருவியைக் கழற்றுக. பழைய டிரைவரை நீக்குக. கணினியை மீளத் தொடக்குக. தயாரிப்பாளரின் சொந்த இணையத்தளத்தில் எடுத்த டிரைவரை நிறுவுக. அது கேட்கும்போது மட்டும் கருவியைச் செருகுக. பலர் முதலிலேயே செருகிவிடுவதால் விண்டோஸ் தனக்குத் தெரிந்த பொருந்தாத டிரைவரைப் பிடித்துக்கொள்கின்றது. தேடுபொறியில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து டிரைவர் எடுப்பது, வழியிற் கண்டவரிடம் வீட்டுத் திறப்பைக் கொடுப்பதற்குச் சமம்.

நேற்று இயங்கிய கருவி விண்டோஸ் புதுப்பிக்கப்பட்ட பின் இன்று இயங்காவிட்டால், டிவைஸ் மனேஜரில் முந்திய டிரைவருக்குத் திரும்பும் வசதி உண்டு. அதை முதலில் முயல்க.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பழைய மடிக்கணினிகள் எம்மிடம் பல. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 க்கு மாறும்போது அதன் பாதுகாப்பு ஏற்பாடுகள் சில பழைய டிரைவர்களைத் தடுக்கும். எனவே மாறுமுன் தயாரிப்பாளர் புதிய டிரைவர் தந்துள்ளாரா என்று பார்க்கவும். இல்லையாயின், பழைய கணினியை இணையத்தோடு தொடுக்காமல் ஒலிப்பதிவுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கலாம். பொது விதிப்படி இயங்கும் கருவியாயின் இலவச லினக்ஸ் மென்பொருளும் உதவும்.

ஃபேர்ம்வேர்: இறுதிப் படி

புதுப்பித்தல் என்றாலே நல்லது என்ற எண்ணம் பரவியுள்ளது. ஃபேர்ம்வேரைப் பொறுத்தவரை அது ஆபத்தான எண்ணம். பழைய நிரலை அழித்துப் புதியதை எழுதும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால், கருவி பேசவும் கேட்கவும் தெரியாத வெறும் பெட்டியாகிவிடலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் ஒரே வேளையில் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் கூறினார். கோபுரம் கட்ட எண்ணுபவர் முதலில் அமர்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்ற லூக்கா நற்செய்தியின் உவமை இங்கும் பொருந்தும்.

- எமக்குள்ள அதே குறைபாட்டைத் தீர்ப்பதாகவோ, எமது கணினிக்கு அவசியமானதாகவோ, பாதுகாப்புக்குத் தேவையானதாகவோ தயாரிப்பாளர் குறிப்பிட்டிருந்தால் மட்டும் புதுப்பிக்கவும். திருவிழா வாரத்தில் ஒருபோதும் தொடவேண்டாம்.
- கருவியின் முழுப் பெயரையும் தலைமுறை எண்ணையும் ஒப்பிடவும். இரண்டாம் தலைமுறைக் கருவிக்கு மூன்றாம் தலைமுறைக் கோப்பு பொருந்தாது.
- சேமித்துள்ள அமைப்புகளைப் பிரதி எடுக்கவும். புதுப்பித்தலில் அவை அழியக்கூடும்.
- மடிக்கணினியின் பற்றறி நிறைந்திருக்க வேண்டும். மிக்சரை யூ.பி.எஸ். வழியாக இணைக்கவும். கணினி தானாக உறங்கும் அமைப்பை நிறுத்தவும்.
- ஹப் இல்லாமல் நேரடியாக இணைக்கவும். பென் டிரைவ் மூலம் செய்யும் கருவியாயின், அதன் வடிவமைப்பையும் கோப்பை வைக்கும் இடத்தையும் கையேட்டின்படியே செய்யவும். கோப்பின் பெயரை மாற்ற வேண்டாம்.
- திரையில் கோடு நின்றது போலத் தெரிந்தாலும் வயரைப் பிடுங்க வேண்டாம். கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருக்கவும்.

இடையில் நின்றுவிட்டாலும் உடனே கைவிட வேண்டியதில்லை. குறித்த ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் மீட்பு நிலைக்கு வரும் வசதி பல கருவிகளில் உண்டு. எந்தப் பொத்தான் என்பதைக் கையேடு சொல்லும்.

பழுது போலத் தோன்றும் மூன்று

வெடிப்பொலி: பதிவில் பொரியும் சத்தம் வந்தால், கணினிக்கு வேலை அதிகம் என்று பொருள் கொள்ளலாம். மற்ற மென்பொருட்களை மூடுக. 'பஃபர்' அளவை 128 இலிருந்து 256 அல்லது 512 ஆகக் கூட்டுக. யூ.எஸ்.பி. துவாரத்தை உறங்கவைக்கும் மின்சேமிப்பு அமைப்பையும் நிறுத்துக.

இராகம் இறங்குதல்: ஒரு விநாடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிந்ததை 44,100 என்ற கணக்கில் ஒலிக்கவிட்டால், ஒரு மணிநேரப் பாடல் ஏறக்குறைய 65 நிமிடமாக நீளும், சுருதியும் இறங்கும். முதியவரின் குரல் மாறிவிட்டதாக எண்ண வேண்டாம். கருவியிலும் மென்பொருளிலும் ஒரே எண்ணை வைத்தால் போதும்.

இரைச்சல்: மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியதும் 'ம்ம்' என்ற ஓசை எழுந்தால், சார்ஜரைக் கழற்றிப் பற்றறியில் இயக்கிப் பார்க்கவும். ஓசை நின்றால் குறை மின்தொடுப்பில் உள்ளது. எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் செருகுவது பல வேளைகளில் உதவும். இதற்காகப் பிளக்கின் ஏர்த் முனையை வெட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது உயிரைப் பறிக்கும் செயல். பழுதான கருவியொன்றின் மின்சாரம், ஒலிவாங்கியைப் பிடித்து நிற்கும் பிள்ளையின் உடல் வழியாக நிலத்துக்குப் பாயும்.

அறிவு ஊரில் தங்க வேண்டும்

1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பற்றறி கிடையாத எமது மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பொறியியல் படித்தவரல்லர். பொருளைத் திறந்து பார்க்கும் துணிவும், ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையுமே அவர்களின் மூலதனம். இன்றைய கருவியைத் திறந்தால் கறுப்புச் சில்லுகள்தாம் தெரியும். ஆனால் அதே பொறுமை இங்கும் பயன் தரும்.

ஆகவே ஒவ்வொரு பங்கிலும் ஓர் இளைஞனிடமும் ஓர் இளம்பெண்ணிடமும் இப்பொறுப்பை ஒப்படைப்போம். கருவியின் பெயர், ஃபேர்ம்வேர் எண், டிரைவர் எண், கண்ட குறை, செய்த பரிகாரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். டிரைவர் கோப்புகளும் கையேடுகளும் ஒரு பென் டிரைவில் இருக்கட்டும். பங்குத்தந்தை மாற்றலாகிப் போவார். பொறுப்பாளர் வெளிநாடு போகலாம். கொப்பி ஊரில் இருக்கும்.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் ஆலயத்தில் அல்லது நிலையத்தில் 'பழுது' என்று ஒதுக்கிய கருவிகள் எவை? அவற்றுக்கு மேற்சொன்ன ஐந்து சோதனைகளும் செய்யப்பட்டனவா?
2. உங்கள் ஊரில் எவருடைய பாடலையும் நினைவுகளையும் இவ்வாண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும்? பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரிக்கவும்.
3. அப்பதிவுக்கு முதல்நாளே கருவியைச் சோதிக்கும் பொறுப்பு யாருடையது?

செயல்: ஒதுக்கிய கருவி ஒன்றை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து, வயரிலிருந்து ஆரம்பித்து, எல்லோரும் பார்க்கச் சோதிக்கவும்.